ஓய்வூதியக் கணக்கை ஒரு குடும்பம் படித்த மாலை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் நண்பர் ஒருவர், நான் பணியாற்றிய அதே மாநிலப் பல்கலைக்கழகத்தில் தினக்கூலியாக நுழைந்து, படிப்படியாக உயர்ந்து, 2024 ஜூன் மாதம் 60 வயது நிறைந்து ஓய்வு பெற்றார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், பணிப்பதிவேட்டின் நகலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு மனைவியோடு என் வீட்டுக்கு வந்தார். "சார், எனக்கு மாதம் எவ்வளவு வரும்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பணியமைப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மற்றவர்களின் கோப்புகளைப் பார்த்த எனக்கு, அந்தக் கேள்வியை இவ்வளவு தாமதமாகக் கேட்கிறாரே என்ற வருத்தம் இருந்தது. ஆனாலும் மனைவியையும் அழைத்து வந்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசும்போது வீட்டுப் பெண்கள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பலருக்குத் தெளிவில்லாத ஒன்றை முதலில் சொன்னேன். பல்கலைக்கழக ஊழியர்களான எங்களுக்கும் 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளை ஒட்டியே கணக்கு போடப்படுகிறது. ஆனால் பணம் வரும் வழி வேறு. அரசுத் துறை ஊழியருக்கு மாநிலக் கணக்காயர் அலுவலகம் ஓய்வூதியத்தை அனுமதிக்கிறது, கருவூலம் கொடுக்கிறது. பல்கலைக்கழக ஊழியருக்கோ, கோப்பு உள்ளாட்சி நிதித் தணிக்கையைக் கடந்து வந்த பிறகு, பல்கலைக்கழகமே தன் ஓய்வூதிய நிதியிலிருந்து வழங்குகிறது. ஆகவே தணிக்கையில் ஒரு தடை எழுந்தால், அது தீரும்வரை பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) பிற பலன்களும் நின்றுவிடக்கூடும். "அரசாங்கப் பென்ஷன்தானே, தானாக வந்துவிடும்" என்று யாரும் இருந்துவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

நண்பரின் பணிப்பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். 1996 நடுவில் முறைப்படுத்தப்பட்டார், அதாவது நிரந்தரப் பணிக்கு மாற்றப்பட்டார். அதிலிருந்து 28 ஆண்டுகள். அதற்கு முன் 1992 முதல் நான்கு ஆண்டுகள் தினக்கூலியாக வேலை செய்திருக்கிறார். அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றிப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. 2003 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் முறைப்படுத்தப்பட்டவர்களுக்கு, அதற்கு முந்தைய தினக்கூலி, தொகுப்பூதியக் காலத்தில் பாதியை ஓய்வூதியத்திற்குத் தகுதியான பணிக்காலத்தோடு சேர்த்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. அதன்படி அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் சேரும். நம் மாநிலத்தில் முழு ஓய்வூதியத்திற்கு வேண்டிய 30 ஆண்டுகள் அப்போதுதான் நிறைகின்றன.

அந்த இரண்டு ஆண்டுகளின் மதிப்பை அவர் மனைவிக்குப் புரியும்படி ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கணக்கு எளிதாக இருப்பதற்காகக் கடைசி அடிப்படை ஊதியத்தை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். முழுப் பணிக்காலம் இருந்தால் அதில் பாதி, அதாவது 30,000 ரூபாய் ஓய்வூதியம். 28 ஆண்டுகள் என்றால் 28,000 ரூபாய்தான். அகவிலைப்படி அப்போது 50 விழுக்காடு. எனவே மாதம் 3,000 ரூபாய் வித்தியாசம், படி உயர உயர அந்த வித்தியாசமும் உயரும். பணிக்கொடை, அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில், ஒவ்வோர் அரையாண்டுக்கும் நான்கில் ஒரு பங்கு என்று கணக்கிடப்படுகிறது. 30 ஆண்டுகளுக்கு 90,000 ரூபாயின் 15 மடங்கு, 13,50,000 ரூபாய். 28 ஆண்டுகளுக்கு 12,60,000 ரூபாய். பதிவேட்டில் விடுபட்டுப்போன ஒரு பதிவுக்காக இவ்வளவையும் ஒரு குடும்பம் இழக்க வேண்டுமா? அந்த வாரமே அவர் பழைய வருகைப் பட்டியல்களையும் கூலி வழங்கிய பட்டியல்களையும் தேடி எடுக்கச் சொல்லி மனு கொடுத்தார். ஓய்வு பெறும் மாதத்தில் அந்த மனுவைக் கொடுத்திருந்தால், அவர் ஊதியமும் இல்லாமல் ஓய்வூதியமும் இல்லாமல் காத்திருந்திருப்பார்.

அடுத்து, கம்யூட் செய்வதா வேண்டாமா, அதாவது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்ற கேள்வி. இதில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாகப் பெறலாம். அவர் கணக்கில் அது மாதம் 10,000 ரூபாய். அடுத்த பிறந்தநாளில் 61 வயதாகிறவருக்கு அட்டவணையில் உள்ள காரணி 8.194. ஓராண்டுக்கான 1,20,000 ரூபாயை அதனால் பெருக்கினால், கையில் வருவது 9,83,280 ரூபாய். பதினைந்து ஆண்டுகளில் பிடிக்கப்படுவது 18 லட்சம் ரூபாய். அதன் பிறகு முழு ஓய்வூதியம் திரும்பக் கிடைக்கும். வங்கியில் போட்டு வட்டி வாங்குவதற்காக இதைச் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் நண்பருக்கு மகளின் திருமணக் கடன் இருந்தது, அதுவும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில். ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டியை வளரவிடுவதைவிடக் கம்யூட் செய்து அடைப்பதுதான் சரி என்று சொன்னேன். அகவிலைப்படி, குறைத்த தொகையின் மீது அல்லாமல் முழு 30,000 ரூபாயின் மீதே கணக்கிடப்படும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மாதாமாதம் 20,000 ரூபாயும், படி 15,000 ரூபாயும், மருத்துவப்படி 300 ரூபாயும் சேர்ந்து வரும் என்றதும் அவர் முகம் தெளிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்த இளைய தோழர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு அவர்களிடம் பிடிக்கப்பட்டது. பக்கத்துப் பக்கத்து மேசையில் ஒரே வேலையைச் செய்தவர்கள் அவர்கள். நான் மேலே போட்ட கணக்கு அவர்களுக்காகப் போட்டதில்லை என்று சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

மருத்துவத்தைப் பற்றிப் பேச வந்தபோது, நான் என் சொந்த அனுபவத்தையே சொன்னேன். ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜூலை 1 அன்று தொடங்கியபோது, சந்தா மாதம் 497 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஓய்வூதியருக்கும் அவருடைய வாழ்க்கைத் துணைக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை. குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு 10 லட்சம் வரை. அந்த 5 லட்சம், திட்டத்தின் காலமான நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான். ஆண்டுக்கு 5 லட்சம் என்று நம்பிக்கொண்டிருக்கும் பலரை நான் சந்தித்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் தம் ஓய்வூதியச் சீட்டில் இந்தச் சந்தா பிடிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதல் மாதமே பார்த்துவிட வேண்டும். பிடித்தம் இல்லையென்றால் அன்றைக்கே ஓய்வூதியப் பிரிவில் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

ஓராண்டுக்கு முன் ஓர் இரவு என் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தபோது, காப்பீட்டுத் திட்டத்தின் மருத்துவமனைப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினேன். மருத்துவமனைகள் சிகிச்சைப் பிரிவு வாரியாகப் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன என்பதையும், அந்த மருத்துவமனை இதய சிகிச்சைக்காகச் சேர்க்கப்படவில்லை என்பதையும், பணம் கட்டச் சொன்ன பிறகே அறிந்தேன். முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு ரசீதுகள், வெளியேற்றச் சுருக்கம், அவசர நிலையில் சேர்த்ததற்கான மருத்துவரின் சான்று எல்லாவற்றையும் இணைத்து மனு செய்தேன். இப்படிப்பட்ட கோரிக்கைகளைப் பரிசீலிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. இப்போது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், எந்த நோய்க்கு எந்த மருத்துவமனை என்று மூன்று பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

புறநோயாளியாக வாங்கும் மாத்திரைகளுக்கு இந்தக் காப்பீடு உதவாது. 300 ரூபாய் மருத்துவப்படி எங்கள் மாத்திரைச் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது. எனவே மாதம் ஒருமுறை நாங்கள் இருவரும் ஸ்டான்லி மருத்துவமனைக்குச் செல்கிறோம். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்தது என்பதால், வடசென்னையின் முதியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே இன்றும் சொல்கிறார்கள். காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் இதய மருத்துவப் பிரிவில் என் மனைவியைப் பார்க்கும் மருத்துவர்கள் மீது எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது.

அன்று மாலை அவர்கள் கிளம்பும்போது மணி எட்டரை ஆகிவிட்டது. அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த நண்பரின் மனைவி, "இவர் மொத்தமாகப் பணம் வாங்கிவிட்டால், இவருக்குப் பிறகு எனக்கு வருவதிலும் அந்தப் பத்தாயிரத்தைப் பிடிப்பார்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நண்பர் சங்கடத்தோடு அவரைத் தடுக்கப் பார்த்தார். அவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். பிடிக்க மாட்டார்கள், கம்யூட் செய்தது குடும்ப ஓய்வூதியத்தைத் தொடாது. தொடக்கத்தில் குறிப்பிட்ட காலம் வரை உயர்த்தப்பட்ட வீதத்திலும், அதன் பிறகு கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடாகவும், அதாவது 18,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் அவருக்கு வரும். அவர் என் பேனாவை வாங்கி, கணக்குப் போட்ட தாளின் கீழே அதைத் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டார். தாளை நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.