இருட்டுக்குள்ளும் கை தெரியணும்

பார்வையாளர்கள் அறை அறையாக நடந்து பார்க்கிற நாடகத்துக்கு, காது கேளாதவர்களுக்காக ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்துவிட்டால் மட்டும் போதாது. காட்சி நகரும்போது அவர் எங்கே நிற்பார்? நடிகரும் அவரும் ஒரே பார்வையில் தெரியணும். முகத்துக்கும் கைக்கும் தனி விளக்கு. மேடை விளக்கெல்லாம் அணைகிற பிளாக்அவுட் விழுந்தாலும் அது அணையக் கூடாது. அணைந்தால் வசனம் பாதியில் அறுந்த கதைதான். சட்டை, கையின் நிறத்தோடு கலக்காத ஒரே நிறமாக இருக்கட்டும். ஒத்திகையிலேயே சேர்த்து, வேடம் கொடுத்து, அவரையும் ஒரு பாத்திரமாக்கிவிட்டால் இன்னும் நல்லது.

சக்கர நாற்காலி என்றதும் "சாய்தளம் போட்டாச்சே" என்பார்கள். 1:12 கணக்கில், அதாவது உயரத்தைப்போல் 12 மடங்கு நீளம் என்றால், 15 செ.மீ. படி ஒன்றுக்கே 1.8 மீட்டர் நீளம் வேண்டும். மேடை 60 செ.மீ. உயரம் என்றால் 7.2 மீட்டர்! வாசல் அகலம் 90 செ.மீ., நாற்காலி திரும்புவதற்கு 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம். இதெல்லாம் இருந்தும் கூட்டம் முன்னால் நின்று மறைத்துவிடும். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் சுமார் 1.2 மீட்டர்தான். ஒவ்வொரு அறையிலும் அவருக்கான இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். கூட்டத்தை நகர்த்துகிற ஆளிடமும் சொல்லி வையுங்கள்.

பார்வையற்றவர்களுக்குக் காட்சியில் நடப்பதைக் குரலில் சொல்கிற விவரணை கொடுக்க இரண்டு காதையும் மூடும் ஹெட்போன் வேண்டாம். சுற்றிலும் கேட்கிற ஒலிதான் அவர்களுக்கு நாடகமே. ஒற்றைக் காது இயர்போன் போதும். செட்டையும் உடைகளையும் தொட்டுப் பார்க்க, காட்சிக்கு முன் அரைமணி ஒதுக்குங்கள்.

நொடிக்கு 3 தடவைக்கு மேல் மின்னும் விளக்கு வலிப்பைத் தூண்டலாம். அரங்க வாசலில் எச்சரிக்கைப் பலகை வைப்பது ரொம்பத் தாமதம். டிக்கெட் எடுக்கும் இணையப் பக்கத்திலேயே போடுங்கள்.