மகனுக்கு வழுதி என்று பெயர் வைத்தோம்

பையன் ரோகிணி நட்சத்திரம். ஒ, வ, வி, வு என்று ஜோசியர் எழுத்துகளைக் குறித்துக் கொடுத்த அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விஷ்வா, வருண், விவான் என்று பெயர்கள் குவிந்துவிட்டன. எனக்கும் கணவருக்கும் மனதில் இருந்தது வழுதி. செழியன், மாறன் போல இதுவும் பாண்டியர் பெயர்தான். ஆனால் மதுரையில் செழியனும் மாறனும் எத்தனையோ பேர் இருக்க, வழுதி என்று ஒருவரைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தேடிப் பார்க்கவும் வழியில்லை. அமெரிக்காவில் ஓர் ஆண்டில் 5 குழந்தைகளுக்கு வைத்திருந்தாலே அந்தப் பெயர் அரசுப் பட்டியலில் வந்துவிடும். இங்கே அப்படி ஆண்டுதோறும் யாரும் பட்டியல் போடுவதில்லை.

முதலில் தயங்கியது அத்தை. "சுமதி, மாலதி மாதிரி பொம்பளப் புள்ள பேரால்ல இருக்கு?" இதே கேள்வியை அப்புறம் பலரும் கேட்டார்கள். பாரி, காரி, ஓரி, நள்ளி என்று கடையெழு வள்ளல்களில் நான்கு பேரைச் சொன்னதும் அத்தை சமாதானமாகிவிட்டார்.

கணவரின் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய கவலை வேறு. புறநானூற்றில் 'உண்டால் அம்ம இவ்வுலகம்' என்று பாடிய இளம்பெருவழுதி கடலுள் மாய்ந்தவராயிற்றே, பச்சைக் குழந்தைக்கு அந்தப் பெயர் எதற்கு என்றார். அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள், பழி வருமென்றால் உலகத்தையே கொடுத்தாலும் வேண்டாம் என்பவர்கள், அப்படிப்பட்டவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் இருக்கிறது என்று பாடியவர் அவர். அதற்காகவேதான் இந்தப் பெயர் வேண்டும் மாமா என்றேன். அதற்கு மேல் அவர் மறுக்கவில்லை. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் செப்புக்காசின் படத்தை அவரே தேடி எடுத்துக் காட்டினார்.

உச்சரிப்புதான் பெரிய வேலை. எங்கள் பக்கம் பழம் பளமாகும், வழுதி வளுதியாகும். ஆஸ்பத்திரியில் முதல் தடவையே பிசகாமல் சொன்னவர் கேரளத்திலிருந்து வந்த நர்ஸ். மலையாளப் பேச்சில் ழ இன்னும் நன்றாகவே இருக்கிறது. நாங்கள் யாரையும் திருத்துவதில்லை. நாங்கள் இருவரும் வாய் நிறையச் சரியாகக் கூப்பிடுகிறோம். கேட்டுக் கேட்டு மாமாவின் பேரப்பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அத்தைக்கு அவன் வளுதிதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆங்கில எழுத்துக்குத்தான் அதிகம் யோசித்தோம். எல் போட்டால் வெளியூரில் 'வலுதி' என்பார்கள். இசட், எச் போட்டால் வடக்கே 'வஸுதி' ஆகிவிடலாம். ஆனால் கோழிக்கோடு, கனிமொழி என்று அந்த இரண்டு எழுத்துகளும் ழ-வுக்கு ஏற்கெனவே பழகிப்போனவை. தெரியாதவர்கூட இது வேறு ஒலி போல என்று நின்று கேட்பார். அதையே வைத்தோம். கடைசியில் வரும் 'தி'க்கு டெல்லியின் முதல் எழுத்தோடு எச் சேர்த்தோம். அழுத்தி 'த்தி' என்று படிக்காமல் மென்மையாகச் சொல்ல அதுதான் தோது.

ஆஸ்பத்திரியிலிருந்து பிறப்பு பதிவாகிவிட்டது, பெயர் மட்டும் காலி. அவசரப்பட வேண்டியதில்லை, பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. ஆனால் கையில் ஒரு தாளோடு போங்கள். தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி. நாங்கள் அப்படிக் கொடுத்தும் திரையில் 'வலுதி' என்றுதான் ஏறியிருந்தது. அச்சடிக்கும் முன் ஒருமுறை காட்டுங்கள் சார் என்று கேட்டதால் அங்கேயே மாற்றிக்கொடுத்தார்கள். அச்சாகி வந்த பிறகு என்றால் திருத்தத்துக்கு மனு, ஆதாரம் என்று அலைய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறந்த தேதிச் சான்று இந்தச் சான்றிதழ்தான் என்பதால், ஒவ்வொரு எழுத்தையும் நின்று பார்த்துவிட்டே வாருங்கள். இன்ஷியலையும் சேர்த்து.