நோவு போனபிறகுதான் வேலை

ஜனவரி பிறந்தால் கொழும்புப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிடும். வலைப்பந்து, உதைபந்து என்று அடுத்தடுத்து வரும். இயன்மருத்துவராக அந்த மாதங்களில் நான் அதிகம் பார்ப்பது கணுக்கால் பிரண்ட பிள்ளைகளைத்தான். சீமெந்துத் தரையில் பந்துக்கு எம்பிக் குதித்த பிள்ளை இன்னொருத்தியின் சப்பாத்தின் மேல் வந்து இறங்குவாள். பாதம் உட்பக்கமாக மடங்கும். வெளிக்கணுவுக்கு முன்னால் எலும்போடு எலும்பைப் பிணைக்கிற சின்ன லிகமென்ட் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் முதலில் இழுபடுவதும் கிழிவதும் அதுதான்.

எங்கள் வீடுகளில் உடனே எண்ணெய்ப் போத்தல் வெளியே வரும். முதல் சில நாட்களுக்கு அந்த இடத்தை அழுத்தி உருவ வேண்டாம் என்று தாய்மாரிடம் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். உள்ளே கிழிந்த இடத்தில் இரத்தக்கசிவும் வீக்கமும் இருக்கும்போது உருவினால் அவை கூடத்தான் செய்யும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போய்ப் புக்கை கட்டி வருகிறவர்களும் உண்டு. கட்டுவதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. கட்டிய காலை வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்திருப்பதுதான் கவலை. அதற்கு முன், எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய விதிகள் இதற்குக் கைகொடுக்கின்றன. அடிபட்ட உடனேயும், பரிசோதிக்கும்போதும் நான்கு அடி வைக்க முடியவில்லையா, கணு எலும்பின் பின் ஓரத்திலோ நுனியிலோ தொட்டால் நோகிறதா, இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் வெளி விளிம்பில் சின்ன விரலுக்கு நேரே பின்னால் உள்ள எலும்பின் அடியையும் நான் தொட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. அங்கே முறிந்தாலும் பார்வைக்குச் சுளுக்குப் போலவே இருக்கும்.

ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்பதை எல்லா விளையாட்டு ஆசிரியர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1978இல் அதைப் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பிற்காலத்தில், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். நோவைக் குறைக்கக் கொஞ்ச நேரம் ஐஸ் வைக்கலாம், சரி. ஆனால் முறிவு இல்லை என்றால், தாங்கக்கூடிய அளவுக்குக் காலை ஊன்றி நடக்கத் தொடங்குவதே நல்லது.

இதெல்லாம் சுலபமான பகுதி. எனக்குக் கஷ்டம் தருவது பத்தாம் நாள். வீக்கம் வடிந்திருக்கும், பிள்ளை சிரித்துக்கொண்டு வருவாள். அப்படித்தான் வெள்ளவத்தையிலிருந்து ஒரு பிள்ளை தாயோடு வந்தாள். இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் போல நாட்டுக்கு விளையாட வேண்டும் என்பது அவள் ஆசை.

“மிஸ், இப்ப நோகுதில்லை. சனிக்கிழமை மெட்ச் விளையாடட்டா?”

“நோகேல்ல எண்டு சொல்லுறாள்தானே, மிஸ்,” என்றார் தாயும்.

நல்ல காலில் நின்று கண்ணை மூடச் சொன்னேன். அசையாமல் நின்றாள். பிரண்ட காலில் நின்று மூடியதும் உடனே தடுமாறி என் தோளைப் பிடித்தாள். தாயின் முகம் மாறியது. அதற்குப் பிறகு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நரம்பு முனைகள் அந்த லிகமென்டிலேயே இருக்கின்றன. கிழியும்போது அவையும் பாதிக்கப்படுகின்றன. கால் மடங்கத் தொடங்கும்போது இழுத்துப் பிடிக்க வேண்டிய கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகளுக்குச் செய்தி பிந்திப் போகிறது. ஒருமுறை பிரண்ட கால் மறுபடி பிரள்வதற்கு இது ஒரு பெரிய காரணம். நோவு சில நாளில் போகும், லிகமென்ட் மறுபடி உறுதியாவதற்கு மாதங்கள் எடுக்கும்.

அவளுக்குக் கொடுத்த பயிற்சிகளில் விலையுயர்ந்த சாமான் எதுவும் இல்லை. பல் தீட்டும்போது ஒற்றைக்காலில் நிற்பது, பிறகு தலையணை மேல் நிற்பது, பிறகு நின்றபடியே தம்பி எறிகிற பந்தைப் பிடிப்பது. ரப்பர் பட்டியை மாட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளுவது, குதிகாலை உயர்த்துவது. முழங்காலைச் சுவரில் முட்ட வைத்து, குதி எழும்பாமல் பாதத்தை எவ்வளவு தூரம் பின்னால் கொண்டுபோக முடிகிறது என்று இரண்டு காலையும் ஒப்பிட்டோம். அப்புறம்தான் குதிப்பு, ஒற்றைக்கால் இறக்கம், திடீர்த் திருப்பம். அந்த சனிக்கிழமை மெட்சை அவள் பெஞ்சில் இருந்து பார்த்தாள். அழுதாள் என்று தாய் போனில் சொன்னபோது எனக்கும் மனது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிரண்ட காலில் குதித்து இறங்குவது மற்றக் காலில் இறங்குவது போலவே உறுதியாகும்வரை நான் விடவில்லை. விளையாடத் திரும்பியபோது கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கிற, கயிறு கட்டும் பிரேஸ் ஒன்றைப் போடச் சொன்னேன். அது தசையைப் பலவீனமாக்கும் என்று சில பயிற்றுவிப்பாளர்கள் பயப்படுகிறார்கள். பயிற்சியையும் விடாமல் செய்தால் அந்தப் பயம் தேவையில்லை.

அவளுடைய பயிற்றுவிப்பாளரிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன்: வோர்ம்-அப்பில் ஐந்து நிமிடம், அணி முழுவதும் ஒற்றைக்காலில் நின்று பந்து மாற்றட்டும். கால் பிரளாத பிள்ளைகளும் சேர்ந்துதான். அடுத்த வாரமே தொடங்கிவிட்டார்.