அஜிமு வீட்டில் ஒரே சட்டி

அக்டோபர் 14, செவ்வாய்

ஜப்பானின் ஓயித்தா மாகாணத்தில் இருக்கும் உசா ஸ்டேஷனுக்கு, நாங்கள் தங்கப்போகும் விவசாய வீட்டுக்காரம்மாவே குட்டிக் காரில் வந்து அம்மாவையும் என்னையும் கூட்டிப் போனார். அஜிமு பக்கம் பஸ் அபூர்வம். வழியெல்லாம் அறுப்பு முடிந்த வயல், நடுவே திராட்சைத் தோட்டங்கள். விவசாயிகள் தங்கள் வீட்டிலேயே விருந்தாளிகளைத் தங்கவைக்கும் வழக்கம் ஜப்பானில் முதலில் வேர்விட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. 1996லேயே ஒரு குழுவாகச் சேர்ந்து தொடங்கிவிட்டார்கள்.

முன்பதிவின்போது வந்த படிவம்தான் என்னை இங்கே இழுத்தது. "சைவமா?" என்று மட்டும் கேட்டிருந்தால் வழக்கமான கதைதான். மீன் துண்டை எடுத்துவிட்டு, மீன் சாற்றில் வெந்த கத்தரிக்காயைச் சைவம் என்று நீட்டுவார்கள். இவர்களோ மீன் சாறு சேரலாமா, மிரின் (இனிப்பான சமையல் அரிசி மது), சாகே (அரிசி மது) சேரலாமா, முட்டை உண்டா, தரையில் உட்கார முடியுமா, படி ஏற முடியுமா என்று தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி என்று எழுதினேன். வந்து பார்த்தால் தாழ்வான மேஜைக்குப் பதில் நாற்காலி போட்டுச் சாப்பாடு. வாசலிலும் குளியலறையிலும் உயரமான படி இருப்பதால் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு இந்த வீடு சரிப்படாது என்றும் அவர்களே குறிப்பிட்டிருந்தார்கள். பெரிய ஹோட்டல்காரர்கள்கூட இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை.

அக்டோபர் 15, புதன்

இன்று முழுக்கச் சமையலறையில்தான். இதே மாகாணத்து பெப்பு நகரில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இந்தோனேசியப் பெண் ஒருத்தியும் வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஹலால், எங்களுக்குச் சைவம். ஆளுக்கொரு சட்டி வைப்பார்கள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. எல்லோரும் சாப்பிடக்கூடியதாக ஒரே சட்டி.

இந்தப் பக்கத்து வீடுகளில் சாதாரணமாகச் சின்ன நெத்திலிக் கருவாட்டில்தான் தாஷி என்ற அடிப்படைச் சாற்றை இறக்குவார்கள். அதற்குப் பதிலாக வீட்டுக்காரம்மா, உலர்ந்த ஷீட்டாகே காளானையும் கொம்பு கடற்பாசியையும் முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். சுடுதண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் ஊறும், ஆனால் ருசி முழுசாக இறங்காதாம். உலர் ஷீட்டாகே விளைச்சலில் ஜப்பானிலேயே ஓயித்தா மாகாணம்தான் முதலிடம். அதனால் எங்கிருந்தோ வரவழைத்த 'ஸ்பெஷல்' எதுவும் இதில் இல்லை. மிரினுக்குப் பதில் கொஞ்சம் சர்க்கரை. கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்த்த சோயா சாஸ் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, லேபிளைப் படித்துப் பார்த்து வேறொன்று வாங்கியிருந்தார். மிசோ (சோயாவைப் புளிக்கவைத்த விழுது) வீட்டிலேயே போட்ட பார்லி மிசோ.

சமைத்தது தாங்கோஜிரு, அதாவது மாவுப் பட்டைகளும் காய்களும் போட்ட மிசோ சூப். கோதுமை மாவை உப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, விரல் பருமனுக்கு உருட்டி, மூடி ஊறவைக்க வேண்டும். அப்புறம் இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்தால் பட்டையாக நீளும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அம்மா இழுத்தது ஒன்றுகூட அறுந்து போகவில்லை. சேப்பங்கிழங்கு, கேரட், பூசணியோடு சட்டியில் போட்டோம். மிச்சப் பட்டைகளை வேகவைத்து, வறுத்த சோயா மாவிலும் சர்க்கரையிலும் புரட்டினால் யாசேஉமா என்ற இனிப்பு. "நம்ம சத்துமாவு வாசனை அடிக்குதேடி" என்றாள் அம்மா.

விருந்தாளியும் சேர்ந்து சமைப்பது வெறும் வேடிக்கைக்காக இல்லை. அப்படிச் சமைத்தால் விருந்தினருக்கென்று தனிச் சமையலறை கட்ட வேண்டியதில்லை என்று 2002ல் ஓயித்தா மாகாண அரசு விதியைத் தளர்த்தியது. அது இல்லாவிட்டால் இந்த மாதிரி வீடுகள் பாதிக்கு மேல் தொழிலில் இறங்கியே இருக்காது என்பது என் அனுமானம்.

சாறு எடுத்த காளானும் கொம்புவும் குப்பைக்குப் போகவில்லை. பொடியாக நறுக்கி, சோயா சாஸில் சுண்டக் காய்ச்சினார். நாளைக் காலைச் சோற்றுக்கு அதுதான்.

அக்டோபர் 16, வியாழன்

காளான் வளர்க்கும் பக்கத்து வீட்டுத் தாத்தா காட்டுக்கு அழைத்துப் போனார். குனுகி என்ற ஓக் வகை மரத்தை வெட்டி, கட்டையில் துளையிட்டு விதைக்காளானை அடித்துவைக்கிறார்கள். இரண்டு கோடை தாண்டித்தான் காளான் எட்டிப் பார்க்கும். வெட்டிய அடிமரம் தானே துளிர்த்து, சுமார் 15 வருஷத்தில் மறுபடி வெட்டுக்கு வந்துவிடும். மக்கிய கட்டை மண்ணுக்கு உரம். மரமும் மண்ணும் பிடித்துவைக்கும் தண்ணீர் குளங்களுக்கு இறங்கி வயலுக்குப் போகிறது. குனிசாகி தீபகற்பமும் உசாவும் சேர்ந்த இந்த ஏற்பாட்டைத்தான் 2013ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக வேளாண் மரபாக அறிவித்தது. மரம் துளிர்த்துவிடும், சரி. கட்டையைத் தூக்க ஆள்? தாத்தாவுக்கு எழுபதுக்கு மேல், பிள்ளைகள் ஃபுகுவோகா நகரத்தில்.

ராத்திரி எல்லோரும் முறைவைத்து ஒரே தொட்டித் தண்ணீரில் குளித்தோம் (வெளியே தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும்). அந்தத் தண்ணீர் காலையில் குழாய் வழியாக வாஷிங் மெஷினுக்குப் போனது.

அக்டோபர் 17, வெள்ளி

கணக்குப் பார்த்தபோது சைவத்துக்கோ ஹலாலுக்கோ கூடுதல் கட்டணமே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மீன் வாங்கவில்லையே, எனக்கு மிச்சம்தான்" என்று மொபைலில் மொழிபெயர்த்துக் காட்டினார். ராத்திரி ஊறவைத்ததும் கடையில் நின்று லேபிள் படித்ததும் அவர் கணக்கில் வரவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. இன்னும் கொஞ்சம் வாங்கலாம், நான் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

கிளம்பும்போது அட்டையில் முத்திரை குத்தித் தந்தார். ஒருமுறை தங்கினால் தூரத்துச் சொந்தம், பத்து முறை தங்கினால் நிஜச் சொந்தம் என்பது இந்த ஊர்க் கணக்கு. ஸ்டேஷனில் ரயில் வருவதற்குள் அம்மா, ஃபுகுவோகாவுக்கு எந்த மாசம் டிக்கெட் மலிவு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.