அல்கண்ட்பானில் கேபிள் இழுத்த காலம்

பீரங்கி வெடிப்பதைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. எங்கள் வேலை அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில், பிரீஸ்கா ஊருக்குத் தென்மேற்கே, மூடிப்போன காப்பர்டன் செப்புச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அல்கண்ட்பான். 155 மி.மீ. பீரங்கிகளைச் சுட்டுப் பார்க்கும் தளம். டர்பனிலிருந்து ஒரு துணை ஒப்பந்தக்காரர் மூலம் நானும், அங்கே இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதி அண்ணன் ஒருவரும் போனோம். வெட்டவெளியில் சின்னச் சின்ன கான்கிரீட் அறைகள். உள்ளே அதிவேகக் கேமரா, குண்டின் வேகத்தை அளக்கும் டாப்ளர் ரேடார். அவற்றுக்குக் கரண்டும் சிக்னலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பாடு.

ஜி5 பீரங்கியின் குண்டு நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பும். ஒரு மில்லி நொடிக்கு 90 செ.மீ. இரண்டு அறைகளின் கடிகாரம் அவ்வளவு மாறினாலே, குண்டு எங்கே இருந்தது என்பதில் இரண்டும் சண்டை போடும். சிக்னலை ஒளியாகக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ நொடி பிடிக்கும். “அதையெல்லாம் விட்டுடலாம் தம்பி” என்பார் அண்ணன். ஆனால் ஒவ்வொரு கேபிளின் நீளத்தையும் விடாமல் நோட்டில் எழுதிவைப்பார்.

பெரிய தலைவலி மண்தான். கரூ என்ற அந்த வறண்ட நிலப்பகுதியின் காய்ந்த மண்ணில், மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் எர்த் ராடு அடித்தால் டெஸ்டரில் ஓம்ஸ், அதாவது மின்தடை, இறங்கவே இறங்காது. உப்பும் கரியும் போதும் என்பார்கள் பழைய ஆட்கள். உப்பு நாளடைவில் ராடையே அரித்துவிடும். அதனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண்ணைக் கரைத்து ஊற்றினோம். ராடுகளை நெருக்கி அடித்துப் பயனில்லை, ஒரு ராடின் நீளமாவது தள்ளி அடிக்க வேண்டும். இதோடு கோடை இடி வேறு. அறைக்கு அறை செம்புக் கேபிள் போட்டால், ஓரிடத்தில் விழும் மின்னல் அடுத்த அறைக் கருவியையும் சேர்த்துக் கொளுத்தும். செலவைக் காட்டிச் செம்பே போதும் என்றார் எங்கள் மேற்பார்வையாளர். அண்ணன் வாதாடவில்லை. வேறொரு வேலையில் கருகிய சர்க்யூட் போர்டு ஒன்றை அவர் மேஜையில் வைத்தார். மின்சாரம் கடத்தாத ஃபைபர் வந்தது.

ஃபைபரை ஒட்டுவது வேனுக்குள். கதவை அடைத்து, தரையில் ஈரத்துணி விரித்து, 125 மைக்ரான் கண்ணாடி இழையை ஆல்கஹாலில் துடைத்து, வெட்டி, இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசரில் வைப்போம். துளி தூசி உட்கார்ந்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். திரையில் ஒட்டிய இடத்து ஒளி இழப்பு 0.02 டெசிபல் என்று வரும்வரை அண்ணன் வாய் திறக்க மாட்டார்.

இதே மாகாணத்தில், அப்பிங்டன் ஊருக்கு வடக்கே வாஸ்ட்ராப்பில் அணுகுண்டு சோதனைக்கென்று 385 மீட்டரிலும் 216 மீட்டரிலும் இரண்டு குழி தோண்டியிருந்தார்கள். 1977-ல் சோவியத் செயற்கைக்கோள் கண்டுபிடித்து, உலக நாடுகள் நெருக்கவே கைவிட்டார்கள். 1993-ல் குழிகளை அடைத்தார்கள். நிறவெறி ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் இந்தியர்களான நம்மவர்களை இப்படிப்பட்ட இடத்துக் கேட் பக்கம்கூட விட்டிருக்க மாட்டார்கள். ஒரு ராத்திரி இந்தப் பேச்சு வந்தபோது அண்ணன் சொன்னார்: “அதுக்கும் எவனோ கேபிள் இழுக்கப் போயிருப்பான்.”

நான் அளக்கிறவன், சுடுகிறவன் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அது எனக்கே முழுசாக ஒப்பவில்லை. சரி, சம்பளம் நல்ல சம்பளம். அடுத்த டெண்டர் வந்தபோதும் போனேன்.