அறுபதாவது கோலும் காம்செல்லும்

மே 1, 2025, வியாழன்

லிவர்பூல் நகரத்துக் கால்பந்து அணியான எவர்டனின் ஆண்கள் அணி குடிசன் பார்க்கில் ஆட இன்னும் இரண்டே ஆட்டங்கள்தான் பாக்கி. 1892-லிருந்து ஆடிவந்த மைதானம். அடுத்த சீசனில் ஆற்றங்கரையில் கட்டியிருக்கும் புது இடத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் அங்கே போனதே இல்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை. அதனால் அந்த மைதானத்தின் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு கொஞ்ச நாள் அதோடு இருக்கப்போகிறேன்: 1928 மே 5, சனிக்கிழமை. எவர்டனின் டிக்ஸி டீன் ஒரே சீசனில் தன் 60-வது லீக் கோலை அடித்த நாள்.

அந்த எண்ணைக் கால்பந்து பார்க்கும் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். எனக்கும் அந்த எண் மட்டும்தான் தெரிந்திருந்தது, போன மாதம் 1927-28 சீசனின் இறுதிப் புள்ளிப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படிக்கும்வரை. முதல் வரியில் எவர்டன். கடைசி வரியில், 22-வது இடத்தில், மிடில்ஸ்பரோ. அது ஜார்ஜ் காம்செல்லின் அணி! டீன் எந்தச் சாதனையை உடைத்தாரோ அந்தச் சாதனைக்குச் சொந்தக்காரர். அவர் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியதும் அதே சனிக்கிழமைதான் என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமாக அந்த நாளின் பாதிக் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 2, வெள்ளி

முதலில் காம்செல். டர்ஹம் வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1925-ல் டர்ஹம் சிட்டியிலிருந்து மிடில்ஸ்பரோவுக்கு வந்தார். 1926-27-ல் இரண்டாம் பிரிவில் 37 ஆட்டங்களில் 59 கோல். ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) மட்டுமே ஒன்பது. அணி மொத்தம் 122 கோல் அடித்து முதலிடம் பிடித்து, மேலே இருக்கும் முதல் பிரிவுக்கு வந்தது. 59 என்பதை யாராவது தொடுவார்கள் என்று அன்றைக்கு யார்தான் நினைத்திருப்பார்கள். ஒரே வருஷத்தில் போய்விட்டது.

இவ்வளவு கோல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1925 கோடையில் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். அதுவரை முன்னால் நின்று பந்தை வாங்கும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேர் இருந்தாக வேண்டும், அதற்கப்புறம் இரண்டு பேர் போதும். கேட்பதற்குச் சின்ன மாற்றம். முதல் பிரிவில் 1924-25-ல் 1,192 கோல், அடுத்த சீசனில் 1,703. தடுப்பவர்கள் திகைத்து நின்ற அந்தச் சில வருஷங்கள்தான் காம்செல்லும் டீனும் முளைத்த நிலம்.

ஆனால் விதி மாறியதால்தான் டீன் அடித்தார் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே விதியில்தான் எல்லாரும் ஆடினார்கள். 1926 கோடையில் வடக்கு வேல்ஸ் பக்கம் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்டையோடும் தாடையும் உடைந்து, இனி ஆடுவாரா என்றே சந்தேகப்பட்ட பையன் டீன். அப்போது வயது 19. சில மாதங்களில் திரும்பி வந்து, கனத்த தோல் பந்தை, நனைந்தால் இன்னும் கனக்கும் பந்தை, அதே தலையால் முட்டி கோல் அடித்தார். அதற்கு விதியா காரணம்?

மே 3, சனி

இன்று எவர்டன் இப்ஸ்விச்சோடு 2-2. அந்தக் காலத்துச் சனிக்கிழமையை யோசித்துக்கொண்டே பார்த்தேன். தொழிற்சாலையும் துறைமுகமும் சனிக்கிழமை அரை நாளோடு விடுவார்கள், ஆட்கள் வேலையிடத்திலிருந்து நேரே மைதானம். பெரும்பாலோர் நின்றுகொண்டே பார்ப்பார்கள். சட்டையில் எண் கிடையாது (லீக் ஆட்டத்தில் எண்ணை முதலில் போட்டுப் பார்த்ததே 1928 ஆகஸ்டில்தான்), மாற்று ஆட்டக்காரரும் கிடையாது, ஒருவர் காலை உடைத்துக்கொண்டால் மீதிப் பத்துப் பேர் ஆட வேண்டியதுதான். ஆட்டக்காரர் எவ்வளவு பெரியவரானாலும் வாரச் சம்பளம் 8 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று லீக்கே உச்சவரம்பு வைத்திருந்தது. டீனுக்கும் அதேதான்.

நாட்டுக்காக ஆடப் போனால் லீக் காத்திருக்காது, அன்றைக்கு அணி அவர் இல்லாமலேயே ஆடும். அப்படியும் டீன் 42-ல் 39 ஆட்டம் ஆடினார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதல் பிரிவின் ஆட்டங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கும், ஒரு மைதானத்தில் நிற்பவருக்கு இன்னொரு மைதானத்தில் என்ன நடக்கிறது என்று உடனுக்குடன் தெரிய வழியில்லை. வானொலியில் கால்பந்து வர்ணனை தொடங்கியே ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. சாயங்காலம் சுடச்சுட வரும் பத்திரிகையின் கால்பந்துப் பதிப்பை வாங்கித்தான் மற்ற ஊர் முடிவைத் தெரிந்துகொள்வார்கள். காம்செல்லுக்கும் லிவர்பூல் செய்தி அன்று தாமதமாகத்தான் போயிருக்கும்.

மே 4, ஞாயிறு

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியலைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு இன்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததே இல்லை. வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. நாலாவது இடத்தில் டார்பி 44 புள்ளி, கடைசி இடத்தில் மிடில்ஸ்பரோ 37. நடுவில் இருக்கும் அத்தனை அணிகளுக்கும் சேர்த்து ஏழே புள்ளி இடைவெளி. 39 புள்ளியில் மட்டும் ஏழு அணிகள் நிற்கின்றன: ஷெஃபீல்ட் வெட்னஸ்டே, சண்டர்லேண்ட், லிவர்பூல், வெஸ்ட் ஹாம், மான்செஸ்டர் யுனைடெட், பர்ன்லி, போர்ட்ஸ்மத். 38-ல் டாட்டன்ஹாம், அதுவும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. ஒரே ஒரு சமன் கூட வந்திருந்தால்!

டாட்டன்ஹாம் கதை தனியாக எழுத வேண்டியது. ஜிம்மி சீட் என்ற அருமையான ஆட்டக்காரரின் வாரச் சம்பளத்தை 8 பவுண்டிலிருந்து 7 ஆகக் குறைத்து, அப்புறம் 1927-ல் வெட்னஸ்டேக்கு அனுப்பிவிட்டார்கள். வெட்னஸ்டே அந்த சீசனில் தரைமட்டத்தில் கிடந்த அணி, தப்பிக்கும் என்று நம்ப ஆளில்லை. சீட் தலைமையில் எழுந்து வந்தது. ஈஸ்டர் சமயத்தில் டாட்டன்ஹாமோடு ஆடிய இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தது. டாட்டன்ஹாம் தன் ஆட்டங்களை மற்றவர்களுக்கு முன்பே முடித்துவிட்டு, பிழைத்தோம் என்று நெதர்லாந்துக்குச் சுற்றுப்பயணம் போயிருந்தது, இங்கே மற்றவர்கள் ஒவ்வொருவராக அதைத் தாண்டிப் போனார்கள். வெட்னஸ்டே அடுத்த இரண்டு சீசனும் சாம்பியன், கேப்டன் சீட். ஒரு பவுண்டை மிச்சம் பிடிக்கப் போய் எவ்வளவு பெரிய ஆளை விட்டார்கள் என்று எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

மே 5, திங்கள்

97 வருஷம்.

குடிசன் பார்க்கில் எவர்டன் ஏற்கனவே சாம்பியன். பட்டத்துக்குப் போட்டியிட்ட ஹட்டர்ஸ்ஃபீல்ட் இரண்டு வாரம் முன்பு, லீக்குக்குத் தனியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதியில் பிளாக்பர்னிடம் 3-1 என்று தோற்று, லீக்கையும் விட்டுவிட்டது. ஆகவே கூட்டம் வந்தது ஒரே காரணத்துக்கு. கடைசி மூன்று ஆட்டங்களுக்கு முன்னால் டீன் 51-ல் இருந்தார், தேவை ஒன்பது. ஆஸ்டன் வில்லாவோடு 2. பர்ன்லியில் 4. ஆகக் கடைசி நாளில் ஆர்சனலுக்கு எதிராக ஒரு ஹாட்ரிக் வேண்டும்.

எதிரில் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மனின் ஆர்சனல். அதில் சார்லி பக்கன், 36 வயது, அவருக்கு அதுதான் கடைசி ஆட்டம். புது ஆஃப்சைடு விதிக்கு மருந்தாக நடு ஆட்டக்காரரைப் பின்னால் இழுத்துத் தடுப்பில் நிறுத்தலாம் என்று ஆர்சனலில் வலியுறுத்தியவரே பக்கன்தான். அந்த மருந்தையும் மீறி ஒருவன் அறுபது அடிப்பதை அதே புல்தரையில் நின்று பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார்.

முதல் கோல் ஆர்சனலுக்கு, தொடங்கிய கொஞ்ச நேரத்தில். உடனே டீன் ஒன்று, அப்புறம் பெனால்டியில் இன்னொன்று, பத்து நிமிடத்துக்குள் 59. காம்செல்லைத் தொட்டாயிற்று. பிறகு வரவேயில்லை. இடைவேளை போய், இரண்டாம் பாதியும் கரைந்து, ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருக்கும்போது அலெக் ட்ரூப் கார்னர் எடுக்கிறார். ஸ்காட்லாந்துக்காரர், குள்ளமான ஆள், அந்த சீசன் முழுக்க டீன் தலைக்குப் பந்து அளந்து கொடுத்தவர். டீன் எழும்பி முட்டினார். அறுபது. யாரோ ஒருவர் உள்ளே ஓடிவந்து தாடியும் மீசையுமாக முகத்தில் உரசி முத்தம் கொடுக்கப் பார்த்ததை டீன் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஆட்டம் 3-3 என்று முடிந்தது.

அதே மாலை ஏர்சம் பார்க். மிடில்ஸ்பரோவுக்கு 37 புள்ளி, வந்திருந்த பக்கத்து ஊர் சண்டர்லேண்டுக்கும் 37. இரண்டு ஊருக்கும் ஜென்மப் பகை. ஜெயித்தவருக்கு வாழ்வு. சொந்த மைதானத்தில், சொந்தக் கூட்டத்தின் முன்னால், மிடில்ஸ்பரோ 0-3 தோற்றது. (பக்கன் முன்பு ஆடிக் கோல் அடித்துப் பழகிய அதே சண்டர்லேண்ட்!) ஓல்ட் டிராஃபோர்டில் 37-ல் நின்ற மான்செஸ்டர் யுனைடெட் லிவர்பூலை 6-1 என்று அடித்துக் கரையேறியது. மிடில்ஸ்பரோவுக்குக் கடைசி இடம்.

அந்த சீசனில் காம்செல் ஒன்றும் சோடை போகவில்லை, முதல் பிரிவில் 33 கோல். இறங்கிய அணிக்கு 33! அன்று சாயங்காலம் பத்திரிகையை யாராவது அவர் கையில் கொடுத்திருந்தால், ஒரே தாளில் இரண்டையும் பார்த்திருப்பார்.

மே 7, புதன்

இன்று கொஞ்சம்தான். இங்கிலாந்துக்காக டீன் 16 ஆட்டத்தில் 18 கோல். காம்செல் 9 ஆட்டத்தில் 18 கோல், அந்த ஒன்பதில் ஒன்றில்கூட கோல் அடிக்காமல் வெளியே வரவில்லை. முதல் அழைப்பு வந்ததே 1929 மே மாதம்தான். சரிசமமாக 18. டீன் காலத்தில் பிறந்ததுதான் அவருக்கு நேர்ந்தது, வேறொன்றும் இல்லை. காலண்டர் தாளில் இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

மே 18, ஞாயிறு

சாயங்காலம் டிவியில் கடைசி ஆட்டம். சவுத்தாம்ப்டனோடு 2-0, இரண்டும் இலிமான் என்டியே. ஸ்டாண்டுகளுக்கு நடுவில் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் செயின்ட் லூக் தேவாலயம் ஒரு நொடி தெரிந்தது. 1928-லும் அது அங்கேதான் இருந்தது. டீன் 1980 மார்ச் 1 அன்று இதே மைதானத்தில் லிவர்பூலுடனான ஆட்டத்தைப் பார்க்க வந்த இடத்தில்தான் இறந்தார். பெண்கள் அணி இனி இங்கே ஆடும், இடிக்கப்போவதில்லை, அதுவே பெரிய ஆறுதல்.

ஏர்சம் பார்க் எப்போதோ போய்விட்டது, இப்போது அங்கே வீடுகள். மிடில்ஸ்பரோ 1929-லேயே இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து மறுபடி மேலே வந்தது, காம்செல் அந்த அணிக்காகவே மொத்தம் 325 லீக் கோல் அடித்தார். டீனின் 60 முதல் பிரிவில் இன்னும் நிற்கிறது. காம்செல்லின் 59 இரண்டாம் பிரிவில் இன்னும் நிற்கிறது.