சம்பங்கியா, கோடாலித் தைலமா? ஒரு மாத மோப்பக் கணக்கு

ரெண்டு மில்லி சென்ட் சாம்பிள் இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு, எதை முழுப் பாட்டிலாக வாங்குவது என்று ஒரு மாதமாக மணிக்கட்டை மோந்துகொண்டே திரிகிறேன். இரண்டும் சம்பங்கி வாசனை. ஒன்று ராபர்ட் பிகேயின் ஃப்ராக்காஸ், 1948-இல் ஜெர்மெய்ன் செல்லியே என்ற பெண்மணி உருவாக்கியது. மற்றது செர்ஜ் லூட்டன்ஸின் டூபெரூஸ் கிரிமினெல், 1999-இல் கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் செய்தது. பிடித்தவர்கள் உயிரை விடுவார்கள், பிடிக்காதவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள், இரண்டுமே அந்த ரகம்தான்.

முதல் வாரம் ஃப்ராக்காஸ். சம்பங்கி, ஆரஞ்சுப் பூ, மல்லிகை எல்லாவற்றையும் வெண்ணெயில் போட்டுக் குழைத்த மாதிரி ஒரு கொழகொழப்பு. நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் தைரியமாக மூன்று முறை அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன், கூட ஏறிய பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஐந்தாவது மாடியிலேயே இறங்கிக்கொண்டார், அவர் வீடும் எங்களோடு பதினொன்றாவது மாடியில்தான். ஃப்ராக்காஸ் என்றால் பிரெஞ்சில் பெரும் இரைச்சல் என்று அப்புறம்தான் படித்தேன். மறுநாளிலிருந்து ஒரே ஒரு தடவை, அதுவும் முழங்காலுக்குப் பின்னால்.

அடுத்த வாரம் கிரிமினெல். அடித்ததும் குப்பென்று கோடாலித் தைலம்! சத்தியமாக. அடுப்படியிலிருந்து அம்மா, "யாருக்கு ஜலதோஷம்?" என்று குரல் கொடுத்தார். தேடிப் பார்த்தால், சம்பங்கிப் பூவிலேயே மெத்தில் சாலிசிலேட் இயற்கையாக இருக்கிறதாம், கோடாலித் தைலத்திலும் மூட்டுவலிக் களிம்புகளிலும் இருப்பது அதேதான். மற்ற சம்பங்கி வாசனைகளில் இந்த நெடி பதுங்கியிருக்கும், இவர்கள் அதைத் தூக்கி வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு இருபது நிமிடத்தில் தைலம் அடங்கிப் பூ மேலே வந்தது.

சரி, நிஜப் பூவையே கேட்டுவிடலாம் என்று சனிக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) போய், கேம்பல் லேனில் சம்பங்கிச் சரம் வாங்கி வந்தேன். இந்தப் பூ பறித்த பிறகும் மணம் விட்டுக்கொண்டே இருக்கும், இருட்டினால் இன்னும் கூடும். ராத்திரி பத்து மணிக்கு இடது கையில் ஃப்ராக்காஸ், வலது கையில் கிரிமினெல், நடுவில் தட்டில் சரம். பூவிலும் அந்தத் தைல நெடி லேசாக இருந்தது! இத்தனை வருஷம் தலையில் வைத்தும் கவனித்ததே இல்லை. கண்ணை மூடி மூன்றையும் மோந்த அம்மா வலது கையைத் தட்டி, "இதான்டி பூ. அது பூவைப் போட்டுச் செஞ்ச பலகாரம்" என்றார்.

கிரிமினெல்லுக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. காலையில் அடித்துவிட்டுச் சாவகாசமாகச் சாப்பிட்டுக் கிளம்பினால் எம்ஆர்டி ரயில் ஏறும்போது பூ வந்துவிடுகிறது, ஆபீஸ் ஏசியிலும் இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை. மிச்சம் இருந்த ஃப்ராக்காஸ் சாம்பிளைத்தான் காணோம். நேற்று துண்டு எடுக்க அம்மாவின் அலமாரியைத் திறந்தேன், புடவைக்கு நடுவில் பலகார வாசம்.